'ஜூனியர் வசந்தமாலா': நீக்கலுக்கான உரையாடல்

காமிராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், செண்பகராமன் சார். படம் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதை நான் பேசி முடித்தபிறகு நீங்களே முடிவு செய்யலாம். மதுரையிலிருந்து பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன் என்கிறீர்கள். வந்த காரியத்தையும் நேற்றே போனில் சொல்லிவிட்டீர்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் என்னைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நீக்கச் சொல்லி எவனோ ஒருவன் பரிந்துரைத்திருக்கிறான். ஒரு வாரமாக அங்கே அடிதடி. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு முடிவு. அதற்குள் நான் குறிப்பிடத்தக்க பாடகிதான் என்பதற்கு அச்சில் வந்த ஆதாரம் ஏதாவது என்னிடம் இருந்தால் கட்டுரையைக் காப்பாற்றிவிடலாம். அவ்வளவுதானே?

அந்த எவனோ ஒருவன் நான்தான்.

காப்பியைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள், சட்டையில் சிந்திவிடப் போகிறது. ஆமாம், 'சிவப்புமை' என்ற பெயரில் எழுதுகிறவள் நான்தான். முப்பத்தொன்பது வருஷம் அச்சகத்தில் சிவப்பு மையால் பிழை திருத்திப் புரூஃப் பார்த்தவள் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வாள்? நீங்கள் அங்கே என்னைச் 'சங்கீதத்தின் வாசனையே அறியாத ஆசாமி' என்று எழுதினீர்கள். 'பேச்சியம்மாள் என்ற மகத்தான கலைஞர்மீது இவருக்கு என்ன பகையோ' என்று எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு ஒரு நிர்வாகி, வாழும் மனிதர் ஒருவர்மீது தனிப்பட்ட காழ்ப்பைக் காட்டினேன் என்று என் கணக்கை ஒரு வாரம் தடை செய்துவிட்டார். என்மீது எனக்குக் காழ்ப்பு! டாக்டர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லியிருக்கிறார்.

'அது நீங்கதான்னு அங்கேயே சொல்லியிருக்கலாம்லா மேடம்?' என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த நிமிஷம் 'நலன் முரண், தன் விஷயத்தில் தானே கைவைக்கக்கூடாது' என்று என் வாயை அடைப்பார்கள். நியாயம்தான், நானே நாலு பேர் வாயை அப்படி அடைத்திருக்கிறேன். மேலும், நான்தான் பேச்சியம்மாள் என்பதற்கு என்ன ஆதாரம்? நான் சொல்வதா? அந்தக் களஞ்சியத்தில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வது செல்லாது. அவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், பொறுப்பான ஓர் இடத்தில், அச்சில் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? தெரியாதுதான் போலிருக்கிறது. தெரிந்திருந்தால் அந்தக் கட்டுரையை அப்படி எழுதியிருக்கமாட்டீர்கள்.

கோபப்படாதீர்கள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருக்காமல் எழுதினீர்கள், நல்லதுதான். ஆனால் முதல் வரியிலேயே நான் இலஞ்சியில் 1958இல் பிறந்தேன் என்று போட்டுவிட்டீர்கள். நான் பிறந்தது கல்லிடைக்குறிச்சி, 1957. என்ன செய்தேன் தெரியுமா? அழித்தேன். சரியானதை எழுதினேனா? எழுதவில்லை. ஆதாரம் கிடையாதே! தப்பை எடுக்கலாம், சரியைப் போட முடியாது. என் பிறந்த வருஷம் எனக்குத் தெரியும் என்பது ஒரு ஆதாரமா? அடுத்த வரியில் நான் பி.ஏ. படித்ததாக எழுதினீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.தான்; பி.ஏ.வை எடுத்துவிட்டேன். அதற்கடுத்து, என் குரலைக் கேட்டால் 'பின்னணிப் பாடகி வசந்தமாலாவே நேரில் வந்து நிற்பதுபோல் இருக்கும்' என்று எழுதினீர்கள். அதைப் பார்த்ததும் 'புகழ்மொழி, மேற்கோள் தேவை' என்று ஒரு குறிப்பு ஒட்டினேன். நீங்கள் அதைப் பிய்த்தீர்கள். நான் மறுபடியும் ஒட்டினேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கத்தை இருபத்தேழு தடவை திறந்து பார்த்திருக்கிறேன். கண்காணிப்புக்காகத்தான். வேறெதற்கு?

அப்புறம்தான் தலைப்புச் சண்டை. நீங்கள் 'ச. பேச்சியம்மாள்' என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். 'இந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது?' என்று கேட்டேன். 'எனக்குத் தெரியும்' என்று பதில் எழுதினீர்கள். உங்கள் கொழுந்தியாள் எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தவள், அவள் சொல்லித் தெரியும் என்று இப்போது சொல்கிறீர்கள். உங்கள் கொழுந்தியாள் ஓர் அச்சு ஆதாரமா, சார்? நீங்கள் கட்டுரைக்குக் கீழே கொடுத்திருந்தது நாலே நாலு பத்திரிகைச் செய்தி. நாலிலும் 'ஜூனியர் வசந்தமாலா பாடினார்' என்றுதான் இருந்தது. ஆதாரங்களில் வருகிற பெயர்தான் தலைப்பு. விதி அது. ஆகவே நானே, இந்தக் கையாலேயே, கட்டுரையை 'ஜூனியர் வசந்தமாலா' என்ற தலைப்புக்கு நகர்த்தினேன்.

நகர்த்திவிட்டுப் படுத்தேன். காலையில் பல் தேய்க்கும்முன் போய்ப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'ஜூனியர் வசந்தமாலா'. கீழே 'என்று அழைக்கப்படும் இவர்'. இவர் யார் என்று எங்கேயும் இல்லை. அன்றைக்கு மத்தியானமே நீக்கலுக்குப் பரிந்துரைத்துவிட்டேன். காரணம், போதிய ஆதாரமின்மை. ஆமாம், அதுதான் காரணம். நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். இதுவரை நாற்பத்துமூன்று கட்டுரைகளை நீக்க வைத்திருக்கிறேன். அதில் பத்தொன்பது பேர் பாடகர்கள். அவர்களில் எவர் வீட்டுக்காவது போய் நான் அழுதேனா? பத்தொன்பது பேருக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா?

நீங்கள் மெல்லிசைக் கச்சேரி நிறையக் கேட்டவர், அதனால் 'ஜூனியர்' என்றால் என்னவென்று தெரியும். ஆனால் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து தெரிவது வேறு, மேலே நின்று தெரிவது வேறு. எங்கள் பென்னட் மெலடீஸ் குழுவில் ஏழு பாடகர்கள். ஏழு பேரும் ஜூனியர்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மெட்ராஸில் இருக்கும் பெரிய பின்னணிப் பாடகர் யாரைப்போல் பாடுகிறோமோ அவருடைய ஜூனியர். ஒருவன் சர்ச் கொயரில் இருந்து வந்தவன், ஒருவன் ரயில்வே கலாசி, நான் புரூஃப் ரீடர். மேடை ஏறினால் எல்லாரும் யாரோ ஒருவருடைய நிழல். ஊர்த் திருவிழா, கல்யாண வரவேற்பு, பொருட்காட்சி என்று ஏழு வருஷம் பாடினேன். எங்கள் அச்சக மேனேஜர் ஒருநாள் காலையில் என் மேஜைக்கு வந்து, 'நேத்து டவுன்ல ஜூனியர் வசந்தமாலான்னு ஒரு பொண்ணு பாடுச்சு பாருங்க, பேச்சியம்மா, அடடா! நீங்கள்லாம் அதைக் கேக்கணும்' என்றார். கேட்கிறேன் சார் என்றேன்.

வந்த புதிதில் குழுவை நடத்திய பென்னட் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருப்பார், முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். 'மாஸ்டர், பேரைச் சொல்லி அறிவிச்சா என்ன?'

'எந்தப் பேரை?'

'என் பேரைத்தான்.'

'பேச்சியம்மாளா? இந்தா பாரு, மைக்கைப் பிடிச்சுப் பேச்சியம்மாள் பாடுவார்னு சொன்னா, சாமியாடத்தான் ஆள் வந்திருக்குன்னு அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிருவான். ஒன் பேரு குலசாமிக்குச் சரி. மைக்குக்குச் சரிப்படாது.'

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? இருபத்திரண்டு வயசு.

அவர் மோசமான மனிதர் இல்லை, சார். தொழிலில் கறார். ஒரு பாட்டை எடுத்தால் இசைத்தட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். மயிரிழை பிசகக்கூடாது. அந்தப் பாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வசந்தமாலா பாடியதிலேயே ஜனங்கள் அதிகம் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்டது அதைத்தான். இரண்டாவது சரணத்தில் 'காத்திருந்தேன்' என்று ஒரு சொல் வரும். அதன் நடுவில் அவர் மூச்சு வாங்கியிருப்பார். 'காத்தி' என்று பாடி, ஒரு மூச்சு, அப்புறம் 'ருந்தேன்'. ஒலிப்பதிவன்று அவருக்குச் சளி என்று சிலர் சொல்வார்கள், அதுதான் பாட்டின் உணர்ச்சி என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு சொல்லை நடுவில் உடைப்பது பிழை. என் தொழிலில் அதைப் பார்த்தால் சிவப்பு மையில் ஒரு வளைவு போட்டுச் சேர்ப்பேன். மாஸ்டர் என்ன செய்வார் தெரியுமா? டேப் ரிகார்டரில் அந்த இடத்தைப் போட்டுப் போட்டு நிறுத்துவார். 'இங்க. இந்தா, இங்கதான் மூச்சு. நல்லாக் கேளு. ஜனம் இதுக்குத்தான் விசிலடிக்கான்.'

உண்மைதான். அந்த இடத்தில்தான் விசில் பறக்கும். அந்த அம்மாள் சளியோடு வாங்கிய மூச்சை, சளியில்லாமல், ஏழு வருஷம், எத்தனை மேடை, அதே இடத்தில் அதே அளவுக்கு வாங்கினேன். பகலில் ஊரார் பிழைகளையெல்லாம் திருத்துவேன். சாயங்காலம் மேடையேறி ஒரே பிழையைப் பிசகாமல் செய்வேன்.

1986 பொருட்காட்சி. சித்திரை மாதம், சாயங்காலம் ஆறரை மணி, வெயில்கூட முழுசாய் இறங்கவில்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் மேடை. அன்றைக்கு என் அக்காவும் அத்தானும் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். கல்யாணமாகிப் போன பிறகு அக்கா நான் பாடிக் கேட்டதே இல்லை. மாஸ்டரிடம் போய், 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என் பேரைச் சொல்லச் சொல்லுங்க மாஸ்டர், அக்கா வந்திருக்கா' என்றேன்.

'ஒங்க அக்காவுக்கு ஒன் பேரு தெரியாதாக்கும்?' என்றார்.

நல்ல கேள்விதானே?

அறிவிப்பாளர் வழக்கம்போல 'இதோ, உங்கள் ஜூனியர் வசந்தமாலா' என்றான். நான் போய் நின்றேன். பல்லவி சரியாகத்தான் போனது. முதல் சரணம் சரியாகத்தான் போனது. இரண்டாவதில் அந்தச் சொல் வந்தது. மூச்சு வாங்கவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லலாம். சொல்லமாட்டேன். வேண்டுமென்றுதான் செய்தேன். 'காத்திருந்தேன்' என்று முழுச் சொல்லாகப் பாடினேன். பாடி முடித்த பிறகும் மூச்சு மிச்சம் இருந்தது, சார். அத்தனை வருஷமாக மிச்சப்படுத்திய மூச்சு. அதை என்ன செய்வது? மேலே ஏறினேன். அந்தப் பாட்டில் இல்லாத ஓர் இடத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, அதே சொல்லை வேறு மாதிரி ஒரு தடவை சொல்லிவிட்டு இறங்கினேன். அக்கார்டியன் இசைத்தட்டின்படியே போய்க்கொண்டிருந்தது. தபேலாக்காரர் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே இருந்தார். விசில் வரவேண்டிய இடத்தில் விசில் வரவில்லை. அப்புறம், 'ஏ, பாட்டை மாத்தாத!' என்று ஒரு குரல். 'ஜூனியருக்குத் தொண்டை கட்டிக்கிட்டு, தண்ணி குடுங்கப்பா!' என்று இன்னொன்று. ஒரு கடலைப் பொட்டலம் வந்து காலடியில் விழுந்தது. பாதிக் கடலை மிச்சமிருந்தது அதில். நான் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் வந்தார். முதன்முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினார்.

'என்ன பண்ணித் தொலைச்ச?'

'மூச்சு விடலை, மாஸ்டர்.'

'கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? பேரைச் சொல்லலைன்னுதான இம்புட்டும்?'

'பேருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்றேன்.

'இனிமே வராண்டாம்' என்றார். நான் போகவில்லை. அடுத்த வாரமே வேறு ஒரு பெண் வந்துவிட்டாள், பத்தொன்பது வயசு, நல்ல குரல். அவளும் ஜூனியர் வசந்தமாலாதான். அதற்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் ஜூனியர் வசந்தமாலா நன்றாகவே பாடிக்கொண்டிருந்தாள், நான் இல்லாமலே. உங்கள் நாலாவது ஆதாரம் எந்த வருஷம் என்று பார்த்தீர்களா? 1988. அப்போது நான் மேடையைவிட்டு இறங்கி இரண்டு வருஷம். அந்தச் செய்தியில் வரும் ஜூனியர் நான் இல்லை, சார்! அதைக் கண்டதும் எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஆனால் அங்கே சொல்ல முடியாது. ஏன்? அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவா? அவள் ராட்டினத்தில் ஏறியிருந்தாளாம். பாட்டு அரைகுறையாகத்தான் கேட்டது என்றாள். விடுங்கள்.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருகிறேன். தடை விழுந்த பிறகு என்னால் எழுதத்தான் முடியாது, படிக்க முடியும். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் 'வைத்திருக்கவும்' என்கிறீர்கள், நான் 'நீக்கவும்' என்று போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மற்ற நாலு பேரும் என்ன எழுதியிருக்கிறார்கள்? நல்லவர்கள், நடுநிலையானவர்கள், இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகட்டும் என்று நினைக்கிறவர்கள். 'இணைக்கவும்' என்கிறார்கள். தனிக் கட்டுரை வேண்டாமாம். வசந்தமாலாவின் கட்டுரையில் 'அவரைப்போலப் பாடியவர்கள்' என்று ஒரு துணைத்தலைப்பு போட்டு, அதில் ஒரு வரி சேர்த்துவிடலாமாம். 'நல்ல யோசனை' என்று நீங்களும் நேற்றுக் கீழே எழுதியிருக்கிறீர்கள்.

நல்ல யோசனையா, சார்?

நீக்கினால் நீக்கியதாகப் போகட்டும். அந்த ஒரு வரி மட்டும் கூடாது. நான் விதி பேசுகிறேன், வேறு எதுவும் இல்லை. அந்தத் துணைத்தலைப்புக்கு நான் பொருந்தமாட்டேன். பொருந்தமாட்டேன் என்பதற்கு அச்சில் ஆதாரம் இருக்கிறது.

இதோ. பார்த்து எடுங்கள், தாள் பொடிந்துவிடும். 'நாணல்திட்டு' என்று ஒரு மாத இதழ், நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள், முந்நூறு பிரதி. தாணுமூர்த்தி என்று ஒரு கல்லூரி விரிவுரையாளர் நடத்தினார். எங்கள் அச்சகத்தில்தான் அடிப்பார். 1986 ஜூன் இதழ், பதினேழாம் பக்கம், 'பொருட்காட்சியில் கேட்டவை'. நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'பேச்சியம்மாள் பாடிய பாட்டு, மூலப் பாடல்மீது நடத்தப்பட்ட தாக்குதல். மூச்சு விடவேண்டிய இடத்தில் விடாமல், போகக்கூடாத இடத்துக்குப் போய், தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் பாடினார். ரசிகர்கள் கூச்சலிட்டது நியாயமே.' மூன்று வாக்கியம். எனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், பொறுப்பான இடத்தில், அச்சில். எல்லாம் பொருந்துகிறதா?

உங்கள் கண் பிரகாசமாகிறது. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கொடுத்தால் நான் சிவப்புமை இல்லை.

அந்த இதழின் புரூஃப் பார்த்தவள் நான்.

தாணுமூர்த்தி கையெழுத்துப் பிரதியில் 'பேச்சியம்மாள்' என்று எழுதவில்லை. 'ஜூனியர் வசந்தமாலா என்ற பெயரில் உலவும் பெண்மணி' என்று எழுதியிருந்தார். அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. மாதாமாதம் வருவார், என் மேஜையில் காகிதத்தை வைப்பார், 'புரூஃப் அம்மா, செவ்வாய்க்கிழமை கிடைக்குமா?' என்பார். அவ்வளவுதான் பழக்கம். புரூஃப் என் கைக்கு வந்தது. படித்தேன். ஒரு தடவை படித்தேன், இன்னொரு தடவை படித்தேன். பேனாவை எடுத்து அந்த ஆறு சொல்லையும் அடித்துவிட்டு, ஓரத்தில் என் பெயரை எழுதினேன்.

கம்பாசிட்டர் ஆவுடையப்பன் எழுத்துக் கோக்க உட்கார்ந்தவன், தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். 'யக்கா, மூலத்துல ஜூனியர்னுல்லா இருக்கு?'

'மூலத்துல பிழை. மாத்து.'

'ஒங்க பேரைல்லா எழுதியிருக்கீய?'

'ஊர்ல ஒரு பேச்சியம்மாதான் இருக்காளா? மாத்துல.'

'திட்டில்லா எழுதியிருக்கு, யக்கா!'

'திட்டுனா திட்டட்டும். பேரு சரியா இருக்கணும்.'

வேறு எதிலும் கைவைக்கவில்லை. மென்மையாக்கிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் 'தாக்குதல் போல இருந்தது' என்று பூசி மெழுகியிருந்தார். அந்தப் 'போல' எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டேன்.

இதழ் வெளிவந்த நாலாம் நாள் தாணுமூர்த்தி வந்தார். குடையை மடக்கவில்லை, உள்ளே விரித்தபடியே நின்றார். 'யாரும்மா இந்தப் பேச்சியம்மாள்? நான் எழுதவே இல்லையே!'

'நான்தான் சார்' என்றேன்.

'நீங்க புரூஃப் அம்மா.'

'அதுவும்தான்.'

அப்புறம், 'அன்னைக்குப் பாடினது நீங்களா?' என்றார். ஆமாம் என்றேன். 'மோசமா இருந்துச்சும்மா' என்றார். 'எழுதியிருக்கீங்களே, சார். அடுத்த இதழ்ல திருத்தம் போடுறதுன்னா போட்டுக்கிடுங்க. இன்ன பேருக்குப் பதிலா இன்ன பேருன்னு ஒரு வரி. நான் தடுக்கலை' என்றேன். குடையை அப்போதுதான் மடக்கினார். 'பேர் தப்பில்லையே, பிறகு எதுக்குத் திருத்தம்?' என்று சொல்லிவிட்டு, ஜூலை இதழுக்கான காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே ஆசிரியர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மறுப்பு வெளியாகவில்லை. அச்சில் வந்தது நிற்கும்.

'ஆனா மேடம், ஒங்க பேரை நீங்களே எழுதிக்கிட்டது ஆதாரமாகுமா?' அப்படிக் கேளுங்கள்! இவ்வளவு நாளில் உங்களிடமிருந்து வந்த முதல் நல்ல கேள்வி. ஆகாதுதான். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் நானே அதை அடித்துப்போடுவேன். இதனால்தான் நீங்கள் கட்டுரை போட்ட நாளிலிருந்து மூன்று மாதமாக இதை எடுக்காமல் வைத்திருந்தேன். ஆனால் யாருக்குத் தெரியும்? ஆவுடையப்பன் போய்விட்டான், தாணுமூர்த்தியும் இல்லை. கையெழுத்துப் பிரதி அடுப்புக்குப் போயிருக்கும். உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நான் இப்போது சொன்னேன். நான் சொன்னதை நீங்கள் அங்கே காட்ட முடியுமா? முடியாது. வாய்வார்த்தை. அதுவும் சம்பந்தப்பட்டவள் வாய்வார்த்தை. விதி அது. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக்கூடச் சிரிப்பு வருகிறது.

மனசாட்சி உறுத்தினால் எழுந்து பஸ் ஏறிவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். உறுத்தவில்லையென்றால் கைபேசியை எடுங்கள். எனக்குத் தடை இருக்கிறது, நீங்கள்தான் செய்யவேண்டும். முதலில் அந்த 'நேரில் வந்து நிற்பதுபோல்' வாக்கியத்தை எடுங்கள். எடுங்கள், சார். நீங்கள் ஆசையாகத்தான் எழுதினீர்கள், எனக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் எழுதுங்கள்: '1986ஆம் ஆண்டு நெல்லைப் பொருட்காட்சியில் மூலப் பாடலிலிருந்து விலகித் தன் விருப்பப்படி பாடினார்.' முற்றுப்புள்ளி. 'இதற்காக விமரிசகர் ஒருவரால் கண்டிக்கப்பட்டார்.' இதழின் பெயர், மாதம், பக்க எண். 'போல' என்ற சொல் எங்கேயும் இருக்கக்கூடாது. இதைப் படித்தபிறகு 'அவரைப்போலப் பாடியவர்கள்' பட்டியலில் என்னைச் சேர்க்கச் சொல்கிற துணிச்சல் அந்த நாலு பேருக்கும் வருகிறதா பார்ப்போம்.

இல்லை, என் வாக்கை மாற்றமாட்டேன். 'நீக்கவும்' என்பது அப்படியே இருக்கட்டும். ஒரே ஓர் ஆதாரத்தை வைத்து ஒரு கட்டுரை நிற்கக்கூடாது. மற்றவர்களுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொல்கிறேன். நாளை மதியம் அநேகமாக நீக்கிவிடுவார்கள். ஏன் முகம் வாடுகிறது? அதற்குமுன் நீங்கள் இன்னொன்று செய்யப் போகிறீர்கள். மேலே 'நகர்த்துக' என்று இருக்கிறதல்லவா, அதைத் தொடுங்கள். இப்போது ஆதாரத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, தலைப்பை மாற்றலாம், ஒருவனும் கேட்க முடியாது. பழைய தலைப்பை அழித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள்.

நீக்கிய பக்கங்களுக்கு அங்கே ஒரு பதிவேடு உண்டு. நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன். கட்டுரை போய்விடும், எழுதியதெல்லாம் போய்விடும், அந்தப் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் போகாது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன பக்கம் நீக்கப்பட்டது. அதை எந்த நிர்வாகியும் சும்மா அழித்துவிட முடியாது. என்னை வேண்டாம் என்று சொல்வதற்காவது அவர்கள் என் பெயரை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் எழுதித்தானே ஆகவேண்டும்?

எழுதட்டும்.